பதினெட்டு நடை

பொங்கலுக்கு நான்கு நாள் விடுமுறை சேர்ந்து வந்தால், காரை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று ஊர்களில் இருக்கும் நண்பர்களைப் பார்த்துவிட்டு வருவது பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. போகிற வீட்டில் நண்பரின் அப்பாவோ அத்தையோ இருப்பார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவர்களுக்குத் தெரிந்ததை அறிய நேரில் போய் உட்கார்ந்துதான் ஆக வேண்டுமா, எழுதி வைத்ததும் பதிவு செய்ததும் போதாதா? போய் உட்காரத்தான் வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு ராமாநுஜரைப் பற்றி வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்வதையே சான்றாக எடுத்துக்கொள்கிறேன். அவற்றை அப்படியே வரலாறு என்று கொள்ள முடியாதுதான். ஆனால் கற்பது என்றால் என்ன என்று ஒரு மரபு தலைமுறை தலைமுறையாக யோசித்ததை அவற்றில் பார்க்கலாம்.

திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். திருக்கோட்டியூர் நம்பியிடம் திருமந்திரமான எட்டெழுத்தின் பொருள் கேட்க ராமாநுஜர் 18 முறை போனார் என்கிறது மரபு. அந்த எட்டெழுத்து அவருக்குப் புதிதல்ல. மதுராந்தகத்தில் பெரிய நம்பி முன்பே உபதேசித்திருந்தார். சொல் கையில் இருந்தும் பொருளுக்காக நடந்தார். வாசலில் நின்று 'நான்' என்றவரைத் திருப்பி அனுப்பிய நம்பி, 'அடியேன்' என்ற பிறகே உள்ளே அழைத்தார் என்றும் சொல்வார்கள். வந்திருப்பது யார் என்று பெரியவர் கேட்கிறார். அந்தக் கேள்வியை எந்தப் பதிவும் கேட்காது. இன்றும் திண்ணையில் இருக்கும் முதியவர் முதலில் கேட்பது, "எந்த வழியா வந்தீங்க?" என்றுதான். திருமயம் வழியாக என்று சொன்னால், அந்தச் சாலையில் எந்தக் கண்மாய் எந்த வருஷம் உடைந்தது, அன்று யார் வீட்டில் உலை வைத்து ஊருக்கே சோறு போட்டார்கள் என்று பேச்சு நீளும். கேட்க வேண்டும் என்று நாம் எழுதிக்கொண்டு போன பட்டியலில் அது இருந்திருக்காது. வந்த வழியும் வந்த ஆளும் சேர்ந்து கிளப்பிய நினைவு அது.

அதே ராமாநுஜர்தானே கோயிலின் மேல் ஏறி நின்று, ரகசியமாகப் பெற்றதை எல்லோருக்கும் சொன்னார். அப்படியென்றால் நடையாய் நடக்க வைத்ததே தவறில்லையா என்று கேட்கலாம். மறைத்து வைத்தது தவறு என்று அவரே தீர்ப்பு சொல்லிவிட்டார், எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் அதன் பிறகும் அவர் பெரியவர்களிடம் போவதை நிறுத்தவில்லை. திருமாலையாண்டானிடம் திருவாய்மொழி கேட்டார். திருமலைக்குப் போய்த் திருமலை நம்பியிடம் ராமாயணம் கேட்டார்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: பெரியவர்கள் சொல்வதெல்லாம் சரியா? சாதியைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் திண்ணைகளில் பேசப்படும் பலவற்றை ஏற்கவே கூடாது. கேட்கப் போவது தலையாட்டப் போவதல்ல. ஆண்டான் சொன்ன பொருளுக்கு ராமாநுஜர் வேறு பொருள் சொன்னார். என் குரு ஆளவந்தாரிடம் நான் கேட்டது இதுவல்ல என்று ஆண்டான் பாடத்தையே நிறுத்திவிட்டார். செய்தி கேட்டுத் திருக்கோட்டியூர் நம்பி தாமே திருவரங்கத்துக்கு வந்து, எல்லாம் அறிந்த கண்ணனுக்குச் சாந்தீபனி பாடம் சொன்னதைப் போலத்தான் இது என்று ஆண்டானிடம் எடுத்துச் சொன்னார். 18 முறை நடக்க வைத்தவர், இந்த முறை தாம் நடந்தார். நின்றுபோன பாடம் தொடர்ந்தது. நேரில் பழகிய உறவு இல்லாவிட்டால் இந்தச் சமரசம் நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

வெளிநாட்டில் இருப்பவர்களும் நோயாளியை விட்டு நகர முடியாதவர்களும் தொலைபேசியில்தான் பேச முடியும். அதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். போக முடிந்தும் அடுத்த விடுமுறைக்குத் தள்ளுவதுதான் என் கவலை. ஆளவந்தாரின் அழைப்பு வந்ததும் புறப்பட்டும் பிந்திப்போனவர் ராமாநுஜர். காஞ்சியிலிருந்து திருவரங்கம் வந்து சேர்ந்தபோது அவர் கண்டது ஆளவந்தாரின் உயிர் பிரிந்த திருமேனியை.  ஒருவரிடம் கேட்டிருக்க வேண்டியதை, பிறகு அவருடைய சீடர்கள் ஐந்து பேரிடம் தேடித் தேடிக் கேட்டார். திருக்கோட்டியூருக்கு நடந்த 18 நடையும் அதற்குப் பிறகுதான்.