விருந்தின் அளவுகோல்

விருந்தோம்பல் என்பது வருபவரைப் பேணும் அறமா, அன்றி அழைப்பவரின் மதிப்பைக் காக்கும் உபாயமா? போருக்குப் பின்னர் நுண்கடன் சுமை பல குடும்பங்களை அழுத்திய வன்னி மண்ணில், பிறந்தநாளுக்கோ குடிபுகுதலுக்கோ கடன்பட்டுப் பரிமாறப்படும் புரியாணியும் சோடாவும் இவ்வினாவைக் கூர்மையாக்குகின்றன.

திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் இன்ன உணவே படைக்கவேண்டும் என விதிக்கவில்லை. வருபவர் முகம் வாடலாகாது என்பதே அதன் கவலை. வட்டியை எண்ணி வாடும் முகத்தை எந்தப் பண்டத்தால் மறைக்க முடியும்?

ஒடியற்கூழ் வேறொரு வழியைக் காட்டுகின்றது. ஒடியல் மா, மீன், நண்டு, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை, செத்தல் மிளகாய், பழப்புளி யாவும் ஒரே பானையில் சேரும். வருபவர் கொணர்வதும் அதனுள் அடங்கும். கோலிய பலாவிலையில் பருகுங்கால் ஏற்றத்தாழ்வுக்கு இடமில்லை.

எளிமை உலோபத்துக்குப் போர்வையாகாதா என வினவலாம். 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் நீரும் உப்புமே கஞ்சியாகிப் பலர் பசியைத் தணித்தன. ஆண்டுதோறும் மே மாதத்தில் அக்கஞ்சி காய்ச்சிப் பகிரப்படுகின்றது. திணிக்கப்பட்ட அப்பசியை அழகுபடுத்தல் தகாது. ஆயினும், அங்கே பகிர்வை அளந்தது பண்டத்தின் சிறப்பன்று என்பது மறுக்கற்பாலதன்று.

உலோபி உள்ளதை ஒளிக்கின்றான். ஆடம்பரன் இல்லாததைக் காட்டுகின்றான். உள்ளதை உள்ளவாறே பகிர்பவன் வீட்டிலேதான் விருந்தினன் கூச்சமின்றி இரண்டாம் முறையும் இலையை நீட்டுவான்.