அலைக்கோடும் தோய்ச்சலும்

கத்தியின் குணம் உலையிலிருந்து எடுத்துத் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்குகிற சில விநாடிகளில், அந்தத் தோய்ச்சலில், முடிவாகிவிடுகிறது. பிறகு சாணை பிடித்து, மெருகேற்றி, பிடி போட்டு, உறையில் செருகி நம் கையில் கொடுக்கிறார்கள். அப்போது நாம் பார்ப்பதெல்லாம் மேல்தோல்.

நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா மகன் வாள் வாங்கப் போகிறான். சனிக்கிழமைதோறும் இயாய்தோ வகுப்புக்குப் போகிறவன். உறையிலிருந்து வாளை உருவுவது, வெட்டுவது, திரும்ப உறையில் இடுவது என்று இந்தச் சில அசைவுகளையே வருடக்கணக்கில் பழகும் கலை அது. ஜப்பானில் உரிமம் பெற்ற கொல்லர் அடித்த வாள் என்றால் பல லட்சம் ஆகும். அவன் கைக்கு எட்டுவது ‘ஜப்பானியப் பாணி’ வாள்தான். சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் லாங்சுவான் என்ற ஊர் நூற்றாண்டுகளாக வாளுக்குப் பேர்போனது. இருபதாயிரம் ரூபாய்க்கு உள்ளேயே, நாம் சொல்லும் நீளத்துக்கும் எடைக்கும் செய்து அனுப்புகிறார்கள். “மாமா, உங்களுக்குத்தான் கத்தி தெரியுமே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்று படங்களை அனுப்பியிருக்கிறான்.

எனக்குத் தெரிந்தது சிவகாசி அச்சகத்து கட்டிங் மெஷின் கத்தி. அதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்கிறேன்.

*

எங்கள் கட்டிங் மெஷின் கத்தி கிட்டத்தட்ட ஒரு ஆள் கை விரிப்பு நீளம். சாணைக்குப் போய்த் திரும்பி வந்த அன்று மேசைமேல் கிடத்தி டியூப் லைட்டைச் சாய்வாக விழவிட்டால் நீளவாக்கில் ஒரு கோடு தெரியும். கோட்டுக்குக் கீழே வாய்ப் பக்கம் கடினமான எஃகு. மேலே உடம்பு முழுக்க மெத்தென்ற இரும்பு. முழுவதையும் கடின எஃகில் செய்தால் அடி தாங்காமல் பிளந்துவிடும். முழுவதும் மெத்தென்று இருந்தால் நாலு ரீம் வெட்டுவதற்குள் மழுங்கிவிடும். மழுங்கிய கத்தியை மேல் தாள் காட்டிக்கொடுக்காது. கட்டைப் பிரித்து மேல் தாளையும் அடித்தாளையும் சேர்த்துப் பிடித்தால்தான் அளவு மாறியிருப்பது தெரியும். பட்டாசு லேபிளில் அந்த நூல் அளவு வித்தியாசம் போதும், மொத்த லாட்டும் திரும்பி வந்துவிடும்.

ஜப்பானிய வாளிலும் இதே கணக்குதான். வெளியே கடின எஃகு, உள்ளே மெத்தென்ற இரும்பு. அதோடு இன்னொரு வேலையும் செய்கிறார்கள். வாளைக் கடைசியாகச் சூடேற்றும் முன் களிமண் குழம்பைப் பூசுகிறார்கள், முதுகில் தடிப்பாக, வாயோரம் மெல்லிசாக. தண்ணீரில் முக்கும்போது வாய் சட்டென்று குளிர்ந்து இறுகுகிறது. மண் போர்த்திய முதுகு நிதானமாகக் குளிர்ந்து வளைந்து கொடுக்கும் தன்மையோடு நிற்கிறது. இறுகிய பகுதி கொஞ்சம் பருமனாவதால் வாள் பின்பக்கமாக வளைகிறது. வாளின் அந்த அழகான வளைவில் ஒரு பங்கு தண்ணீருக்குள் நடப்பது. சில நேரம் வாயில் விரிசல் விழும். அதுவரை பட்ட பாடெல்லாம் அந்தச் சத்தத்தோடு போய்விடும்.

இறுகியதும் இறுகாததும் சந்திக்கும் எல்லைதான் வாளில் தெரியும் வெள்ளை அலைக்கோடு. ஹாமோன் என்கிறார்கள். நடந்த தோய்ச்சலுக்கு அது சாட்சி. வாங்குகிறவர்கள் மயங்குவதும் அதில்தான். மயங்குகிறார்கள் என்பது தெரிந்த பிறகு, தோய்ச்சல் இல்லாமலே கோட்டை மட்டும் போட்டுக் கொடுக்கவும் ஆள் வந்துவிட்டது.

*

எங்கள் ஊர்ப் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்குள் இரும்பு போகக் கூடாது. கத்தி, கத்தரி, சுரண்டி எல்லாம் பித்தளை, செம்பு அல்லது மரம். இரும்பு உரசினால் பொறி; பொறி பட்டால் என்ன ஆகும் என்பதை வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே அறைக்குள் இரும்புத் தூள் மட்டும் மருந்தாகப் போகலாம். கம்பி மத்தாப்பில் சிதறும் பொன் பூ, எரியும் இரும்பு.

பொறியைப் படிக்கத் தெரிந்தால் எஃகைப் படிக்கலாம். சாணைக் கல்லில் வைத்தால் கரிச்சத்து குறைந்த இரும்பு நீளமாக, நேராக, கிளை விடாமல் பொறி விடும். கரிச்சத்து கூடின எஃகு கிட்டத்திலேயே வெடித்துக் கொத்துக் கொத்தாகப் பிரியும். பொறிக்குள் இருக்கும் கரி காற்றோடு சேர்ந்து வாயுவாகி வெடிப்பதால் வருவது அந்தப் பூ. பழைய இரும்புக் கடையிலும் பட்டறையிலும் இதைச் சொல்லிக்கொடுத்துக் கற்றவர்கள் இல்லை. பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள்.

ஆனால் தோய்ச்சல் எப்படி என்பதைப் பொறி சொல்லாது. என்ன எஃகு என்பதோடு அதன் பேச்சு முடிந்துவிடும்.

*

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாகப் போனால் சாலையின் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். இடையிடையே மண் பூசிய கரிமூட்டங்கள் புகைந்துகொண்டிருக்கும். அந்தக் கரிதான் இந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்குத் தீனி. இந்த வழியாகப் போய் மதுரை–ராமேசுவரம் சாலையைப் பிடித்தால் திருப்பாச்சேத்தி. தமிழ்நாட்டில் அரிவாள் என்றாலே முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் ஊர்ப் பெயர்.

அங்கே இரும்பு என்பது பெரும்பாலும் லாரியிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் பட்டை. லோடு ஏற்றி ஏற்றி, வளைந்து நிமிர்ந்து, சலித்துப்போய்க் கழிவுக்கு வந்த எஃகு. பழைய பட்டைகளில் பலவும் சிலிக்கான் கலந்தவை, கரிச்சத்து 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அக்கா மகன் அனுப்பிய விற்பனைப் பட்டியலில் ‘9260’ என்று ஒரு எஃகு, ‘வளைந்தாலும் நிமிரும்’ என்ற பாராட்டோடு. எண்களைப் பார்த்தால் நம் லாரிப் பட்டைக்குப் பங்காளி முறை.

பட்டறைக்குள் வெளிச்சம் குறைவு. இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் சூட்டை மதிப்பிட வேண்டும். வெயில் விழுந்தால் நிறம் ஏமாற்றும். ஜப்பானியக் கொல்லர்களும் தோய்ச்சலை இருட்டில்தான் போடுகிறார்கள். நான் நின்று பார்த்தபோது ஆசாரி கொறட்டால் பிடித்து அரிவாளின் வாயை மட்டும் தண்ணீரில் காட்டினார். முக்கி எடுத்து ஒரு கல்லால் தேய்த்து, வெள்ளையான இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் மிச்சம் இருந்த சூடு வாய்ப் பக்கம் இறங்கி வர, அந்த வெள்ளையில் வைக்கோல் நிறம் படர்ந்தது, பிறகு பழுப்பு, ஓரத்தில் ஊதா. ஊதா வாயைத் தொடும் முன் மறுபடி தண்ணீர். அவ்வளவுதான். முதல் முக்கலில் ஏறிய முறுக்கைத் தேவையான அளவுக்கு இறக்குகிற வேலை அது. ஒரு நிறம் முந்தினால் வாய் உதிரும்; ஒரு நிறம் பிந்தினால் மடங்கும்.

அரிவாளைத் திருப்பிப் பார்த்தேன். சாணைக்குப் போய் வந்தபின் அந்த நிறம் எதுவும் அதில் இருக்கப் போவதில்லை.

நாங்கள் போனது குலசாமி கருப்புக்கு நேர்த்திக்கடன் அரிவாள் சொல்ல. ஆளுயரத்துக்கு மேல். அதற்குத் தோய்ச்சல் உண்டா என்று கேட்டேன். ஆசாரி சிரித்துவிட்டார். “சாமி அருவாளுக்கு நீளந்தாண்ணாச்சி கணக்கு. வேல அருவாளுக்குத்தான் தோய்ச்சல் கணக்கு.”

இரண்டையும் அவர் ஒரே உலையில் செய்கிறார், ஒன்றை இன்னொன்றாக யாரிடமும் விற்பதில்லை. சுவரில் மாட்டும் வாளையும் கையில் வீசும் வாளையும் கலந்து விற்கும் சந்தைக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். துருப்பிடிக்காத எஃகில் பளபளவென்று வரும் மலிவு வாள்கள் முதல் வகை. சுவரில் இருக்கும்வரை அதில் குற்றம் இல்லை. வீசினால் பிடியிலிருந்து முறிந்து பறக்கும்.

*

திருப்பாச்சேத்திப் பட்டறையில் வாங்குகிறவரின் பெயர், முகவரி, கைபேசி எண் எழுத ஒரு நோட்டு இருக்கிறது. 2021-இல் காவல்துறை தென்மாவட்டப் பட்டறைக்காரர்களை அழைத்துச் சொன்ன ஏற்பாடு: அறிமுகமில்லாதவருக்கு விற்காதே, விவரம் வாங்கிக்கொள், கேமரா வை. இந்தப் பக்கத்தில் அரிவாள் எதற்கெல்லாம் போயிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆசாரிக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் கீழ் வந்த 2016 விதிகளும் வாளை ஆயுதப் பட்டியலில்தான் வைத்திருக்கின்றன. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியும் அதில் சேரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவை விலக்கு. அக்கா மகன் இருக்கும் ஊருக்குச் சட்டம் வேறு. இங்கே யாருக்காவது இந்த ஆசை வந்தால் காசு கட்டும் முன் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்வது உத்தமம்.

வேடிக்கை என்னவென்றால், அவன் வாங்கப்போகும் வாளை ஜப்பானுக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியாது. அங்கே மரபு முறையில் அடித்த வாளைக் கலைப்பொருளாகப் பதிவு செய்துதான் வைத்திருக்கலாம். ஆலை எஃகில் வெளிநாட்டில் செய்ததற்குப் பதிவே கிடையாது. இயாய்தோ பழகுகிற ஜப்பானியர்கள் பெரும்பாலும் துத்தநாக–அலுமினியக் கலவையில் செய்த கூரில்லா வாளை வைத்துத்தான் பழகுகிறார்கள்.

அசல் வாளின் எஃகு ஷிமானே பகுதியில் ஒகுஇசுமோ என்ற மலையூரிலிருந்து வருகிறது. 1977-இல் மறுபடி மூட்டிய ததாரா உலை, குளிர்காலத்தில் மட்டும். மூன்று பகல் மூன்று இரவு அணையாமல் எரித்து, சுமார் பத்து டன் இரும்பு மணலையும் பன்னிரண்டு டன் கரியையும் தின்னக் கொடுத்தால் இரண்டரை டன் கட்டி கிடைக்கும். அதில் வாளுக்கு ஆகிற நல்ல எஃகு ஒரு டன்னுக்கும் குறைவு. கொல்லர் மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் செய்யக் கூடாது என்று கட்டுப்பாடு வேறு. பல லட்சம் விலை எங்கிருந்து வருகிறது என்பது இதில் தெரிகிறது.

அதனால் மலிவுப் பாணி கேவலம் என்று நான் நினைக்கவில்லை. ஜப்பானிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் தீப்பெட்டி வந்து இறங்கிய காலத்தில், 1920-களின் தொடக்கத்தில், அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் அந்தத் தொழிலைக் கற்று வந்ததில் வளர்ந்த ஊர் சிவகாசி. இன்னொருவர் செய்ததைக் கட்டுப்படியாகும் விலையில் செய்வதில் எங்களுக்கு வெட்கம் கிடையாது. பெட்டியைத் திறந்து உரசினால் குச்சி பற்ற வேண்டும், கேள்வி அவ்வளவுதான்.

*

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அக்கா மகனுக்குச் சொன்னவை:

ஸ்பிரிங் எஃகு உள்ளே ஆழம் வரை இறுகும் குணமுள்ளது. அதில் எடுப்பான அலைக்கோடு விழாது. 9260 என்று எழுதி, வாயோரம் மலையும் மேகமுமாகக் கோடு காட்டினால் அது அமிலத்தில் அரித்ததாகவோ கம்பி பிரஷில் தேய்த்ததாகவோ இருக்கும். 1095, டி10 போன்ற கரிச்சத்து கூடின எஃகில் நிஜக் கோடு வரும். ஆனால் அவற்றை முரட்டுத்தனமாகக் கையாண்டால் வாய் உதிரும். வகுப்புக்கு எடுத்துப்போய் வீசத்தான் என்றால் கோடில்லாத ஸ்பிரிங் வாளே நல்லது.

கோடு நிஜமா என்று பார்க்க, அச்சகத்தில் புள்ளி பார்க்கும் லென்ஸ் போதும். வெளிச்சத்தைச் சாய்த்து, கோட்டின் விளிம்பில் வைத்துப் பார்க்க வேண்டும். நிஜத்தில் விளிம்பு மங்கலாகக் கரையும், உள்ளே உப்புத் தூவினாற்போல் மினுக்குகள் தெரியும். பொய்யில் ஒரே சீராக மரத்த வெள்ளை.

முதுகை மேலே வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு முனைவரை ஓடவிடு. கோணல் இருந்தால் அங்கே தெரியும். பிடிக்குள் போகும் வால் எவ்வளவு நீளம் என்று கேள், கழற்றி எடுத்த படம் கேள். வாலையும் பிடியையும் சேர்க்கும் மூங்கில் ஆணி இறுக்கமாக இருக்க வேண்டும். உன் உயிரும் பக்கத்தில் நிற்பவன் உயிரும் அந்த ஆணியில்தான் இருக்கிறது. லேசாக ஆட்டினால் எங்கும் கிலுகிலுப்பு வரக் கூடாது. பிடியைச் சுற்றிய திருக்கை மீன் தோலும் நாடாவும் நழுவக் கூடாது. முதுகோரம் ஓடும் பள்ளம் எடை குறைக்கும், வீசும்போது விசில் சத்தம் தரும். வீச்சு நேராக விழுந்ததா என்று காதே சொல்லும். எதையாவது வெட்டிப் பழக ஆசையிருந்தால் பள்ளம் வேண்டாம்.

எடை ஒரு கிலோவைச் சுற்றி இருக்கட்டும். கூடினால் தோள்பட்டை சொல்லும்.

இவ்வளவும் மேலே தெரிவதைப் பற்றித்தான். கடைக்காரரின் பட்டியலையும் நிதானமாகப் படித்தேன். கைகாப்பில் டிராகனா கொக்கா, நாடா கறுப்பா நீலமா, உறைக்கு என்ன அரக்கு, அலைக்கோட்டில் எந்த வடிவம் என்று பக்கம் பக்கமாகத் தேர்வு. எஃகுக்கு ஒரு வரி. தோய்ச்சல் பற்றி ஒன்றுமே இல்லை. உன் விருப்பப்படி என்கிற வாளில் விருப்பம் கேட்கப்படாத ஒரே இடம் அதுதான்.

எனவே கடைக்காரருக்கு எழுதச் சொன்னேன். வாலின் நீளம் என்ன? பிடி இல்லாமல் வாளின் எடை என்ன? தண்ணீரா எண்ணெயா, முக்கியபின் எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வைத்து முறுக்கை இறக்குகிறீர்கள், வாயில் கடினம் எவ்வளவு, முதுகில் எவ்வளவு?

முதல் இரண்டுக்கும் மறுநாளே பதில் வந்தது, கிராம் கணக்கோடு. மூன்றாவதுக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறார்கள். அதே அலைக்கோடு, இந்த முறை இன்னும் கிட்டத்தில். மறுபடி கேட்கச் சொல்லியிருக்கிறேன்.