விழுங்கும்போது காதில் ஒரு சொடுக்கு

அறை அடங்கியிருக்கும் நேரத்தில் எச்சிலை விழுங்கினால் காதுக்குள் மெல்லிய சொடுக்கு கேட்கிறது. பகல் இரைச்சலில் அது தெரிவதில்லை. விழித்திருக்கும்போது ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை விழுங்குகிறோம். ஒன்றையாவது கவனித்து விழுங்கியிருப்போமா?

*

சொடுக்கின் பின்னால் இருப்பது டென்சார் வெலி பாலட்டினி. மென் அண்ணத்தை விறைப்பாக்கும் தசை. மண்டையோட்டின் அடியிலும், காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் ஊஸ்டேஷியன் குழாயின் சுவரிலும் தொடங்கிக் கீழே இறங்குகிறது. கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால், அண்ணத்தின் ஓரத்தில், சிறு எலும்புக் கொக்கி ஒன்று உண்டு. அங்கே வரும்போது தசை நாணாகக் குறுகி, கொக்கியைச் சுற்றி, கிட்டத்தட்ட செங்கோணத்தில் திரும்பி, அண்ணத்தின் நடுவை நோக்கி விரிகிறது. மறுபக்கத்து நாணும் வந்து சேர்கிறது. மென் அண்ணத்தின் மற்றத் தசைகள் பற்றிக்கொள்வது இந்த விரிப்பைத்தான்.

கிணற்று ராட்டினத்தில் கயிறு திரும்புவதுபோலத்தான். ஆனால் இந்த ராட்டினம் சுழலாது, நாண் வழுக்கிச் செல்கிறது. தேயாமலிருக்க இடையில் ஒரு சிறு திரவப்பை. மேலிருந்து இறங்கும் தசை பக்கவாட்டில் இழுக்க முடிவது இந்தக் கொக்கியால்.

*

அண்ணத்தைத் தூக்கி மூக்குப்பாதையை அடைப்பது வேறொரு தசை, லெவேட்டார். அண்ணத்தின் ஐந்து இணைத் தசைகளில் நான்கை வேகஸ் நரம்பு ஆள்கிறது. டென்சாருக்கு மட்டும் மெல்லும் தசைகளின் நரம்பு.

*

நடுச்செவியின் சவ்வு அங்குள்ள காற்றைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நிரப்பாவிட்டால் செவிப்பறை உள்ளே இழுபடும். குழாயோ சாதாரணமாக மூடியே கிடக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் டென்சார் அதை இழுத்துத் திறக்கிறது; காதில் கேட்கும் சொடுக்கு அதுதான். விமானம் இறங்கும்போது மிட்டாய் சப்புவது இதற்காகத்தான். 1704இல் காதைப் பற்றி நூல் எழுதிய இத்தாலியர் வால்சால்வா டென்சாரைக் குழாயின் தசையாகவே பார்த்தார். எனக்கும் அவர் பக்கம்தான் சரியாகப் படுகிறது: பெயர் அண்ணத்துக்கு, உழைப்பு பெரும்பாலும் காதுக்கு.

*

அண்ணப்பிளவோடு பிறக்கும் குழந்தைக்கு இந்த நாண்கள் நடுவில் சேர்வதில்லை. பிடிமானம் இல்லாத தசையால் குழாயைச் சரியாகத் திறக்க முடியாது. அதனால் பெரும்பாலான அக்குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் கட்டிக்கொள்கிறது. வலி இருக்காது, அழுகை இருக்காது; கேட்பது மட்டும் மங்கும், பேச்சும் தாமதமாகும். பிளவைத் தைத்த பிறகும் இது தொடரலாம். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் அப்படிக் குழந்தை இருந்தால், தையல் ஆறியதோடு விட்டுவிடாமல் காதையும் அவ்வப்போது காட்டச் சொல்லுங்கள்.