நீர் நில்லா வாதங்கள்

வலுவற்ற வாதத்தை 'அதில் நீர் நிற்காது' என்று ஆங்கிலேயர் தள்ளிவிடுவர். ஆமத்தூர் வட்டாரத்தினருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. வெயில் காலத்தில் கண்மாய்க் கரை முழுமையாகவே தோன்றும். மழைநீர் பெருகும்போதுதான் நண்டுவளை எங்கே என்பது தெரியும். ஊற்றைக் கைவிட்டு, நீர் தங்காத உடைந்த தொட்டிகளை நாடியவர்களைக் குறித்து இறைவாக்கினர் எரேமியாவும் வருந்தினார்.

நம் பகுதியில் நெடுங்காலம் ஒலித்த வாதம் ஒன்றுண்டு: 'பிள்ளைகள் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போகாவிட்டால் குடும்பம் பட்டினி கிடக்கும்.' வறுமை உண்மையே. ஆனால் அவ்வேலையை உரிய கூலியுடன் பெரியவருக்கு ஏன் தரக்கூடாது என்று கேட்டால், நீர் வடிந்துவிடுகிறது.

சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்தவர், குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும். அரசு அக்குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாயை அந்நிதியில் சேர்க்க வேண்டும். குழந்தை பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்றது. நீதிமன்றம் ஓட்டையைக் காட்டியதோடு நிற்கவில்லை. அதை அடைக்கவும் வழி சொன்னது.

இன்று வேறொரு வாதம் கேட்கிறோம்: 'ஆபத்து தெரிந்துதானே பட்டாசு வேலைக்கு வருகிறார்கள்?' 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேலைக்கு வருவது தொழிலாளியின் முடிவாக இருக்கலாம். ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பது அவர் முடிவா? வேறு பிழைப்பு இல்லாதவர் ஆபத்தை அறிந்திருப்பது, அதற்கு இசைந்ததாகுமா?

கரையில் கசிவு கண்டவர், 'நீர் நிற்காது' என்று நகைத்துவிட்டு வீடு திரும்புவதில்லை. மண் சுமந்து வந்து அடைக்கிறார். பிறர் வாதத்தை முறியடித்த மகிழ்ச்சியோடு நாம் நின்றுவிட்டால், கூலியை இழந்த வீட்டில் அடுப்பு எரியுமா? திருவிழா வாணவேடிக்கையை அண்ணாந்து பார்த்து மகிழும் நமக்கும் அந்த மண்ணில் ஒரு கூடை சுமக்கும் கடமை உண்டு.