சேனை வைக்காத பிள்ளை

கல்யாணமாகி மூன்று மாதம் போனாலே நம் பக்கத்தில் கேள்வி வந்துவிடும்: "என்ன, விசேஷம் ஏதும் உண்டா?" பஸ் ஸ்டாண்டிலும் கேட்பார்கள், துட்டி வீட்டிலும் கேட்பார்கள். என் சித்தி மகளிடமும் கேட்டார்கள். அவளுக்கும் அவள் கணவருக்கும் ஹெச்.ஐ.வி. இருப்பது தெரியாமல் கேட்டார்கள். தெரிந்திருந்தால் அதே வாய்கள், "இதுகளுக்கு எதுக்குப் பிள்ளை?" என்றிருக்கும்.

தெரிந்திருந்த நான் அதைத்தான் சொன்னேன். "பிள்ளை பெத்துக்கலாம்னு இருக்கோம்க்கா" என்றவளிடம், "உனக்கு எதுக்குடி இந்த ரிஸ்க்?" என்றேன். அவள் கோபப்படவில்லை. "தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அலாரம் அடிக்குது, மாத்திரை போடுறேன். எதுக்காகப் போடுறேன்னு ஒண்ணு வேணும்லக்கா."

நான் இரண்டு பெற்றவள். ஏன் பெற்றாய் என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்ல என்னிடம் காரணம் கிடையாது; ஆசைப்பட்டேன், பெற்றேன். அவள் ஆசைக்கு மட்டும் நியாயம் கேட்க எனக்கு என்ன உரிமை? இன்னொன்றும் சொன்னாள்: "எங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீ பாத்துக்குவியாக்கா?" நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளை பெறுமுன் இவ்வளவு தூரம் யோசித்ததே இல்லை.

பயம் பொய்யில்லை. சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 100க்கு 15 முதல் 45 வரை. 2004 ஏப்ரலில் தாம்பரம் உட்படச் சில அரசு மருத்துவமனைகளில் ஹெச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கும் வரை, ஏழைகளுக்குப் பிள்ளை இருக்கட்டும், சொந்த உயிரே நிச்சயமில்லை. இன்று மாத்திரையை விடாமல் போட்டு, இரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்தபின் கருவுற்றால், அந்த வாய்ப்பு 100க்கு 1க்கும் கீழே. இதையெல்லாம் அவள்தான் எனக்குச் சொல்லித் தந்தாள்.

1986ல் சென்னையில் நாட்டின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான டாக்டர் சுனிதி சாலமன், பின்னாளில் தொற்றுள்ளவர்களுக்கு வரன் பார்த்துக் கல்யாணமும் செய்துவைத்தார். மருந்தோடு வாழ்க்கையும் வேண்டும் என்று அவருக்குப் புரிந்திருந்தது. என் தங்கை போன ஒரு மருத்துவமனையிலோ, "கலைச்சிடேன்" என்றார்கள். சம்மதமில்லாமல் தொற்றுள்ள கர்ப்பிணிக்குக் கருக்கலைப்போ கருத்தடையோ செய்யக்கூடாது என்று 2017ல் சட்டமே எழுத வேண்டியிருந்தது.

பையன் பிறந்தான். அவள் மாமியார் சின்னக் கிண்ணத்தில் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, பிள்ளையின் நாக்கில் சேனை தொட்டுவைக்க வந்தார். ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் தவிர வேறொன்றும் படக்கூடாது. பாலோடு மற்றது கலந்தால் தொற்றும் வாய்ப்பு கூடும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தங்கை பிரசவ வலி ஆறாத உடம்போடு எழுந்து, பிள்ளையின் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். "வேண்டாம் அத்தை." காரணம் சொல்ல முடியவில்லை. அந்தக் கிண்ணம் ஜன்னல் மேட்டிலேயே இருந்தது, எறும்பு மொய்க்கும் வரை.

தினமும் கொடுத்த மருந்து சிரப்பை வைட்டமின் என்றாள். ஆறாவது வாரம் குதிகாலில் குத்தி, அட்டையிலிருந்த வட்டங்களில் இரத்தம் தொட்டு வைத்தார்கள். 18வது மாதம் கடைசிப் பரிசோதனையும் முடிந்தது. தொற்று இல்லை என்று வந்தது.

பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஏதாவது அடம்பிடித்தால், "என்னைச் சேனை வைக்க விட்டிருந்தா என் குணம் வந்திருக்கும்" என்கிறார் அந்த ஆச்சி, நாலு பேர் முன்னால். அவள் பதில் பேசாமல் பையனுக்குத் தலைவாரிக்கொண்டிருப்பாள்.