சான்று யார் மீது?

வழக்குரைப்பவன் மீதே சான்று கடமை என்பதும், உறுதியாக அறியப்பட்டதை வெறும் ஐயம் நீக்கிவிடாது என்பதும் பிக்ஹுக் கலையின் இரு பெரும் விதிகள். இவ்விரண்டும் எதிரெதிரே நிற்பன போலத் தோன்றும் ஓரிடத்தை இங்கு ஆராய்வோம்.

திருத்தணியை அடுத்த கனகம்மாசத்திரம் போன்ற ஓர் ஊரிலிருந்து ஓர் இளைஞன் இராணுவத்தில் சேர்கிறான் எனக் கொள்வோம். கண், செவி, மார்பு அனைத்தையும் சோதித்து, உடல்நலமுடையவன் என மருத்துவர் எழுதிய பின்னரே அவனை ஏற்கின்றனர். ஆண்டுகள் பல கழிந்து அவன் நோயுற்றுத் திரும்புகையில், ‘இந்நோய் பணியால் வந்ததன்று; உடற்கூற்றால் வந்தது’ என மருத்துவக் குழு ஒரு வரி எழுதிவிடுகிறது. அவ்வரியால் ஊன ஓய்வூதியம் மறுக்கப்படுகிறது. பணியால்தான் வந்தது என்பதற்கு அவன் எங்கே போய்ச் சான்று தேடுவான்? பனிமலையில் அவன் காவல் நின்ற இரவுகளுக்குச் சாட்சி யார்? அவனைப் பற்றிய மருத்துவ ஏடுகளும் இராணுவத்தின் கையிலன்றோ இருக்கின்றன!

தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி இதுவே. 1985இல் சிக்னல்ஸ் படைப்பிரிவில் சேர்ந்த அவர், ஒன்பது ஆண்டுப் பணிக்குப் பின், வலிப்பு நோயால் 20 விழுக்காடு ஊனம் எனக் கணிக்கப்பட்டு அனுப்பப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று கூறி ஓய்வூதியத்தை மறுத்தனர். 1982ஆம் ஆண்டு விதிகளை ஆராய்ந்து, 2013 ஜூலையில் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் சாரம் இது: சேரும்போது நோய்க்குறிப்பு எதுவும் பதியப்படவில்லையெனில், அவர் நலமாயிருந்தார் என்றே கொள்ளவேண்டும், மெய்ப்பிக்கும் சுமை அவர் மீதன்று, மறுப்பதாயின் மருத்துவக் குழு காரணம் காட்டவேண்டும், நியாயமான ஐயம் எழுமாயின் அதன் பயன் வீரருக்கே.

அப்படியாயின் நாம் கூறிய முதல் விதி என்னாயிற்று? வழக்குரைப்பவன் என்போன் முதலில் வாய் திறந்தவன் அல்லன். அறியப்பட்ட நிலைக்கு மாறாகப் பேசுபவனே அவன் எனச் சட்ட அறிஞர் பலர் வரையறுத்தனர். நலமாயிருந்தான் என்பது ஏட்டிலுள்ள உறுதி. நோயின் வித்து முன்பே அவனுள் இருந்தது என்பது அதற்கு மாறான கூற்று. ஆகவே, மனுச் செய்பவன் வீரனேயாயினும், சான்று காட்டவேண்டியது அரசே. இரு விதிகளும் இங்கே கைகோத்து நிற்கின்றன.

பொதுக் கருவூலமும் அமானிதமே. எல்லா நோய்க்கும் பணி காரணமாகாது. அரசு மறுக்கலாம், ஆனால், காரணத்தோடு மறுக்கவேண்டும். 2023இல் புதிய விதிகள் வந்துள்ளன. இனியும் விதிகள் மாறலாம். ஆயினும், நலமான உடலெனத் தேர்ந்து பெற்றுக்கொண்டவர், அது நலிந்து திரும்பும்போது கணக்குச் சொல்லும் கடமையிலிருந்து நீங்கிவிட முடியாது.