அளவு நாடாவும் ஆட்டக்காரனும்

வெனிசுவேலாவின் மராக்காய் நகரில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணி நடத்திய தேர்வு முகாமுக்கு ஹோசே அல்டூவே என்ற 16 வயதுப் பையன் வந்தான். ஆள் குள்ளம், வயதும் பொய்யாக இருக்கலாம் என்று திருப்பி அனுப்பினார்கள். அப்பா ஊக்கப்படுத்த, மறுநாள் பிறப்புச் சான்றிதழோடு வந்து நின்றான். 2007இல் 15,000 டாலருக்கு ஒப்பந்தமானான். அந்த ஆட்டத்தில் அது சில்லறைக் காசு.

அமெரிக்க பேஸ்பாலில் இளம் வீரரை எடைபோட 20 முதல் 80 வரை மதிப்பெண் உண்டு. 50 என்றால் மேஜர் லீக் சராசரி. பேட்டிங், அடியின் வலு, ஓட்டம், எறியும் கை, ஃபீல்டிங் என ஐந்துக்கும் தனித்தனியாகப் போடுவார்கள். ஓட்டத்துக்கு ஸ்டாப்வாட்ச் போதும். ஷார்ட்ஸ்டாப்பிலும் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடைப்பட்ட இடம்) இரண்டாம் பேஸிலும் நிற்கும் பையனிடம் பார்க்க வேண்டியவை வேறு: பந்து மட்டையில் பட்டதும் முதல் அடியை எந்தப் பக்கம் வைக்கிறான், கையுறையிலிருந்து பந்தை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறான், ஒன்றைக் கோட்டைவிட்டபின் அடுத்த பந்தை எப்படி எதிர்கொள்கிறான். உடல் பருத்து ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து மூன்றாம் பேஸுக்கு மாறுவதெல்லாம் சகஜம். அதைத் தோல்விக் கணக்கில் எழுதுவது அவசரம்.

5 அடி 6 அங்குல அல்டூவே 2014, 2016, 2017 ஆண்டுகளில் அமெரிக்கன் லீகின் பேட்டிங் சராசரியில் முதலிடம். 2017இல் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருதும் அவருக்கே. அந்த ஆண்டு எதிரணியின் சைகைகளைத் திருடிப் படித்ததாக அவர் அணி சிக்கிய விவகாரத்தை மறக்க வேண்டியதில்லை. 2014இன் பட்டம் அதற்கு மூன்றாண்டு முந்தையது.